சாசேஜும் ஆப்பிளும் ஒரே வாணலியில்: அரை மணி நேர இரவுச் சமையல்

சாசேஜில் உப்பும் கொழுப்பும் தூக்கல். பழத்தில் இனிப்பும் புளிப்பும். இரண்டையும் ஒரே வாணலியில் சேர்த்துவிட்டால் தனியாக மசாலா அரைக்கவோ குழம்பு கூட்டவோ வேண்டியதில்லை. சாசேஜிலிருந்து உருகி வரும் கொழுப்பே எண்ணெய், பழத்திலிருந்து கசியும் சாறே குழம்பு. அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து தட்டில் பரிமாறும் வரை அரை மணி நேரம் போதும். வேலை நாள் இரவுக்கு இதைவிடத் தோதான சமையல் குறைவு.

முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒரே வாணலி என்றதும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிக் கிளறிவிடுகிறார்கள். சாசேஜ் வெளுத்துக் கிடக்கும், பழம் குழைந்துபோகும், அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஈரம் இருக்கும் வரை அதில் கிடக்கும் பொருளின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. இறைச்சி சிவந்து வறுவல் மணம் வர ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். பழமோ சூடு பட்டவுடன் நீர் விடத் தொடங்கும். ஆகவே இந்தச் சமையலின் சூட்சுமம் தண்ணீரில் இருக்கிறது: எப்போது ஊற்றுவது, எப்போது வற்ற விடுவது, எப்போது மறுபடி ஊற்றுவது. அது பிடிபட்டுவிட்டால் சாசேஜையும் பழத்தையும் விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம்.

தேவையானவை

இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடவும் மூன்று பேர் அளவாகச் சாப்பிடவும் போதுமான அளவு இது.

- வேகவைக்காத சாசேஜ்: 4 (ஒவ்வொன்றும் 100 முதல் 115 கிராம்)
- கெட்டியான ஆப்பிள்: நடுத்தர அளவில் 2 (சுமார் 350 கிராம்)
- பெரிய வெங்காயம்: 1 (சுமார் 200 கிராம்)
- தண்ணீர்: முதலில் 120 மி.லி., கடைசியில் 60 மி.லி.
- வினிகர்: 1 மேசைக்கரண்டி (15 மி.லி.)
- கடுகு பேஸ்ட்: 2 தேக்கரண்டி
- வெண்ணெய்: 1 தேக்கரண்டி
- எண்ணெய்: 1 தேக்கரண்டி, கோழி சாசேஜ் என்றால் 1 மேசைக்கரண்டி
- ஒன்றிரண்டாக இடித்த சோம்பு அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு ஒரு சிட்டிகை

உப்பு ஒரு சிட்டிகைதான், அதுவும் வெங்காயத்துக்கு மட்டும். சாசேஜின் எடையில் பொதுவாக 1.5 முதல் 2 விழுக்காடு உப்பாகவே இருக்கும். அது சாற்றில் இறங்கி எல்லாவற்றுக்கும் போதும். மேலே தூவ வேண்டுமா என்பதைப் பரிமாறும் முன் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாணலி 28 முதல் 30 செ.மீ. அகலமும் தட்டையான அடியும் உள்ளதாக இருக்கட்டும். மூடி கட்டாயம் வேண்டும். அளவான மூடி இல்லாவிட்டால் ஒரு பெரிய தட்டைக் கவிழ்த்து மூடினாலும் சரி. அடி கனமான எவர்சில்வர் வாணலி இதற்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் சாசேஜ் வறுபடும்போது அடியில் ஒட்டும் பழுப்புப் படிவுதான் பின்னால் குழம்பின் சுவையாக மாறுகிறது. ஒட்டாத பூச்சுள்ள வாணலியில் அந்தப் படிவு சரியாகப் பிடிக்காது. உணவு கெட்டுவிடாது, குழம்பு சற்று மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். வார்ப்பிரும்பு வாணலியும் நன்றாக வரும். ஆனால் வினிகர் சேர்த்த பிறகு உணவை அதிலேயே விட்டுவைக்கக் கூடாது. புளிப்பு இரும்பை அரித்து உலோகச் சுவையை ஏற்றிவிடும்.

எந்த சாசேஜ்?

கடையில் கிடைப்பவை மூன்று வகை. வேகவைக்காத சாசேஜ் தொட்டால் பச்சை இறைச்சிபோல மெத்தென்று இருக்கும். சமைத்த பிறகே உண்ண வேண்டும் என்று உறையில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டாவது, முன்பே வேகவைத்தது அல்லது புகையூட்டியது. அமுக்கினால் ரப்பர்போல எதிர்த்து நிற்கும். மூன்றாவது, சலாமிபோல உப்பிட்டு உலர்த்திய வகை. அது இந்தச் சமையலுக்கு ஆகாது. சூட்டில் தோல்போல இறுகிவிடும், உப்பும் தாங்காது.

இந்தச் செய்முறை வேகவைக்காத வகைக்கு. அதிலிருந்துதான் கொழுப்பும் சாறும் தாராளமாக இறங்கும். முன்பே வெந்த வகை என்றால் தண்ணீர் ஊற்றி வேகவைக்கும் முதல் கட்டத்தை விட்டுவிடுங்கள். 1 செ.மீ. கனத்தில் சாய்வாக வெட்டி, எண்ணெயில் பக்கத்துக்கு 2 நிமிடம் சிவக்க வறுத்தெடுத்தால் போதும். மொத்தச் சமையலும் 20 நிமிடத்தில் முடியும். புகையூட்டியவற்றுள்ளும் வேகாதவை சில உண்டு, ஆகவே உறையில் இருப்பதைப் படித்த பிறகே அடுப்பருகே போங்கள்.

தேன் கலந்தது, பழச்சுவை சேர்த்தது என்று விற்கும் இனிப்பு சாசேஜைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள சர்க்கரை, இறைச்சி சிவப்பதற்கு முன்பே கருகிவிடும். மிளகு, பூண்டு, சோம்பு சேர்த்த வகை பழத்தோடு நன்றாக இழையும்.

செய்முறை

முதல் கட்டம், வேகவைத்தல் (8 நிமிடம்). சூடேற்றாத வாணலியில் சாசேஜ்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். 120 மி.லி. தண்ணீரும் எண்ணெயும் ஊற்றி, மிதமான தீயில் வையுங்கள். தண்ணீர் கொதிவந்ததும் மூடிவிடுங்கள். நாலு நிமிடம் கழித்து ஒருமுறை புரட்டிவிட்டு மறுபடி மூடுங்கள்.

நேரடியாகச் சூடான எண்ணெயில் போட்டால் என்ன ஆகும்? தோல் சட்டென்று சுருங்கி இறுகும், உள்ளே நீராவி உருவாகி வெளியே தள்ளும், இரண்டுக்கும் நடுவில் தோல் வெடிக்கும். வெளியே கருகியிருக்கும், நடுவில் பச்சையாக இருக்கும். நீராவியில் முதலில் வெந்தால் சூடு மெதுவாக உள்ளே இறங்கும். கொழுப்பும் பதமாக உருகி வெளியே வரும், பிறகு அதே கொழுப்பில் வறுக்கலாம். வெடிக்காமலிருக்க முள்கரண்டியால் குத்திவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்த முறையில் அது தேவையே இல்லை. குத்தினால் சாறு ஒழுகி, சாசேஜ் உள்ளே சக்கைபோல ஆகிவிடும்.

இந்த 8 நிமிடத்தில் வெங்காயத்தை அரை செ.மீ. கனத்தில் நீளவாக்கில் நறுக்கிக்கொள்ளுங்கள். ஆப்பிளைத் தோலோடு நாலாகப் பிளந்து, விதைப் பகுதியை நீக்கி, ஒவ்வொரு கால் பாகத்தையும் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பழத்துக்கு 8 துண்டு வரும். தோலைச் சீவ வேண்டாம். துண்டு உடையாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். இதைவிட மெல்லியதாக வெட்டினால் சிவப்பதற்குள் குழைந்துவிடும். வெட்டிய துண்டு கொஞ்சம் பழுப்பேறினால் கவலை வேண்டாம், எப்படியும் வறுக்கப்போகிறோம். தண்ணீரில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். ஈரமான துண்டு வாணலியில் சிவக்காது.

இரண்டாம் கட்டம், வறுத்தல் (6 அல்லது 7 நிமிடம்). மூடியை எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் தண்ணீர் இரண்டு நிமிடத்தில் வற்றும். இங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் இருக்கும் வரை களகளவென்று கொதிக்கும் ஓசை கேட்கும். வற்றியதும் அது சடசடவென்று பொரியும் ஓசையாக மாறும். அந்த மாற்றம் கேட்டதும் தீயைக் கொஞ்சம் குறைத்து, இடுக்கியால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி, எல்லாப் பக்கமும் பொன்னிறமாகச் சிவக்க விடுங்கள். முள்கரண்டியால் திருப்ப வேண்டாம்.

வெந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. நைட்ரைட் சேர்த்துப் பதப்படுத்திய சாசேஜ் முழுக்க வெந்த பின்னும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். இறைச்சி சில சமயம் பாதுகாப்பான சூட்டை எட்டும் முன்பே பழுப்பாகியும் விடும். உணவு வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாசேஜின் நுனி வழியாக நீளவாக்கில் நடு வரை செருகினால் சரியான அளவு தெரியும். பக்கவாட்டில் குத்தினால் முனை மறுபக்கம் போய் வாணலியின் சூட்டைக் காட்டிவிடும். பன்றி, மாடு, ஆடு என்றால் 71 டிகிரி. கோழி, வான்கோழி என்றால் 74 டிகிரி செல்சியஸ். எட்டியதும் ஒரு சுத்தமான தட்டில் எடுத்து வையுங்கள். பச்சை சாசேஜ் இருந்த தட்டைக் கழுவாமல் மறுபடி பயன்படுத்தக் கூடாது.

இப்போது வாணலியில் ஒரு மேசைக்கரண்டி அளவு கொழுப்பு இருந்தால் போதும். அதிகம் இருந்தால் ஒரு கிண்ணத்தில் வடித்துவிடுங்கள். கழுவும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். ஆறியதும் குழாயில் கட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவைச் சுரண்ட வேண்டாம். அது பழுப்பாக இருந்தால் பொக்கிஷம். கருத்துப் போயிருந்தால் மட்டும் சமையல் காகிதத்தால் துடைத்தெடுத்துவிட்டு, புதிதாக ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றித் தொடருங்கள். கருகியதைக் குழம்பில் கரைத்தால் கசப்பை எதைக்கொண்டும் மறைக்க முடியாது.

மூன்றாம் கட்டம், வெங்காயம் (5 நிமிடம்). மிதமான தீயில் சோம்பைப் போட்டு அரை நிமிடம் பொரிந்ததும் வெங்காயமும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். வெங்காயம் விடும் நீரே அடிப்படிவில் பாதியைக் கரைத்துவிடும். மரக்கரண்டியால் தேய்த்துக் கொடுங்கள். ஓரங்கள் சிவக்கத் தொடங்கினால் போதும், முழுக்க வதங்க வேண்டாம். அது இன்னும் பத்து நிமிடம் அடுப்பில் இருக்கப்போகிறது.

நாலாம் கட்டம், பழம் (6 நிமிடம்). வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கி, நடுவில் வெண்ணெய் போட்டு, ஆப்பிள் துண்டுகளை வெட்டுப்பக்கம் அடியில் படும்படி ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள். புதியவர்களுக்கு இந்தச் சமையலில் மிகக் கடினமான வேலை இதுதான். கிளறிக்கொண்டே இருந்தால் பழம் நீர் விட்டுக்கொண்டே இருக்குமே தவிரச் சிவக்காது. அடிப்பக்கம் பொன்னிறமானதும் ஒவ்வொன்றாகப் புரட்டி, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். கத்தி முனையால் குத்தினால் உள்ளே இறங்க வேண்டும், ஆனால் நடுவில் கொஞ்சம் தடுக்க வேண்டும். அதுதான் பதம். இன்னும் சில நிமிடம் சாற்றில் கிடக்கப்போவதால் இப்போதே முழுக்க மெத்தென்று ஆக விடக் கூடாது. பழச் சர்க்கரை இறைச்சியைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறும் என்பதால் இங்கே தீ எப்போதும் மிதமாகத்தான் இருக்க வேண்டும்.

ஐந்தாம் கட்டம், சாறு (3 நிமிடம்). வாணலியை அடுப்பிலிருந்து ஒரு கணம் இறக்கி வினிகரை ஊற்றுங்கள். அடுப்பிலேயே வைத்து ஊற்றினால் எழும் ஆவி கண்ணையும் மூக்கையும் எரித்துவிடும், குனிந்து பார்க்காதீர்கள். உடனே 60 மி.லி. தண்ணீர் ஊற்றி மறுபடி அடுப்பில் வைத்து, அடியை மரக்கரண்டியால் சுரண்டிக் கரையுங்கள். ஒட்டியிருந்ததெல்லாம் இளகிப் பழுப்புக் குழம்பாகும். சாசேஜ்களையும், தட்டில் அவை விட்டிருக்கும் சாற்றையும் சேர்த்து, துண்டுகளின் மேல் சாறு படியும் அளவுக்கு ஒன்றிரண்டு நிமிடம் வற்ற விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு கடுகு பேஸ்ட்டைக் கலக்குங்கள். கொதிக்கும்போது சேர்த்தால் கடுகின் காரம் ஆவியோடு போய்விடும். மிளகு தூவி இறக்குங்கள்.

வினிகரை ஏன் கடைசி வரை காக்க வைக்கிறோம் என்றால், ஒன்று, நேரம் ஆக ஆகக் கொதிப்பில் அதன் கூர்மை ஆவியாகும். இன்னொன்று, புளிப்பு காய்களையும் பழங்களையும் வேகவிடாமல் இறுக்கி வைக்கும். புளித்த குழம்பில் போட்ட உருளைக்கிழங்கு வேக மறுப்பதும் இதனால்தான்.

ஆப்பிளை மாற்ற விரும்பினால்

ஆப்பிளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. கிரானி ஸ்மித், பிங்க் லேடி, ஃபூஜி ஆகியவை வடிவம் குலையாமல் நிற்கும். மெக்கின்டோஷ் கூழாகிவிடும். ரெட் டெலிஷஸ் பார்க்க அழகு, வாணலியில் மாவு. பெயர் தெரியாத பழம் என்றால் விரலால் அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம்கூடக் குழியாத, புளிப்பு கலந்த பழமே வேண்டும்.

விதையில்லாத திராட்சை 300 கிராம் ஆப்பிளைவிட எளிது, வெட்டும் வேலைகூட இல்லை. முழுதாகப் போட்டு, வாணலியை அவ்வப்போது குலுக்கி, மூன்றில் ஒரு பங்கு வெடிக்கும் வரை 5, 6 நிமிடம் விடுங்கள். வெடித்தவற்றைக் கரண்டியால் நசுக்கினால் அதுவே குழம்பு, கடைசியில் 60 மி.லி. தண்ணீர் தேவைப்படாது. முழுத் திராட்சை உள்ளே கொதிநீரைப் பொத்தி வைத்திருக்கும், பரிமாறும் முன் இரண்டு நிமிடம் ஆற விடுங்கள்.

பேரிக்காய் அரைப்பழமாக இருக்க வேண்டும். பிளம்ஸும் பீச்சும் பக்கத்துக்கு 2 நிமிடத்துக்கு மேல் தாங்காது. அத்திப்பழத்தை இரண்டாகப் பிளந்து வெட்டுப்பக்கம் மட்டும் வறுத்தால் போதும். உலர்ந்த ஆப்ரிகாட், கொட்டை நீக்கிய உலர் பிளம்ஸ் என்றால் 80 கிராம் எடுத்து வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, அந்த ஊறல் நீரையே கடைசியில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம். வீட்டில் பழம் தீர்ந்துபோன நாளுக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்னாசி அருமையாகச் சிவக்கும், ஒரு எச்சரிக்கையோடு. சூடுபடாத அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் புரோமெலெய்ன் என்ற நொதி இருக்கிறது. நறுக்கிய அன்னாசியைப் பச்சை சாசேஜோடு கலந்து முன்கூட்டியே ஃபிரிட்ஜில் வைத்தால் இறைச்சி கொழகொழவென்று ஆகிவிடும். வாணலிச் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும்; டப்பாவில் அடைத்த அன்னாசி முன்பே சூடுபட்டது என்பதால் அதில் பிரச்சினை இல்லை. டப்பாப் பழத்தைச் சர்க்கரைப் பாகிலிருந்து வடித்து, துடைத்துவிட்டுப் போடுங்கள். உறைந்த பழம், கனிந்த மாம்பழம், வாழைப்பழம் ஆகியவற்றை இந்த முறைக்குப் பரிந்துரைக்க மாட்டோம். முதலாவது வாணலியைக் குளமாக்கும், மற்ற இரண்டும் கூழாகும்.

கைமீறினால்

சாறு நீர்த்துப் போய்விட்டதா? பழத்தையும் சாசேஜையும் தட்டில் எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் பெரிய தீயில் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். பழத்தோடு சேர்த்து வற்ற வைத்தால் பழம் கரைந்துவிடும். திகட்டுகிற இனிப்பு என்றால் உப்பைக் கூட்டாதீர்கள், வினிகரை அரைத் தேக்கரண்டியாகச் சேர்த்துச் சுவைத்துப் பாருங்கள். புளிப்பு மிஞ்சினால் ஒரு துண்டு வெண்ணெய் மட்டுப்படுத்தும். உப்பு மிஞ்சினால் மட்டும் வைத்தியம் கடினம். உப்பில்லாமல் அவித்த உருளைக்கிழங்கோ வெறும் சோறோ துணைக்கு வைப்பதுதான் வழி.

சாசேஜ் ஓரங்கள் சிவந்தும் நடுவில் சூடு ஏறவில்லை என்றால் தீயைக் கூட்டாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, மூன்று நிமிடம் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். உறைநிலையிலிருந்து எடுத்தவுடன் சமைத்தால் இது அடிக்கடி நேரும். முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

நாலு பேருக்கு மேல் என்றால் அளவை இரட்டிப்பாக்கி அதே வாணலியில் திணிக்க வேண்டாம். நெருக்கமாகக் கிடந்தால் நீராவி வெளியேற இடமிருக்காது, எல்லாம் அவிந்துபோகும். அதற்கு ஓவன்தான் சரி. 220 டிகிரியில் பெரிய தட்டில் சாசேஜையும் வெங்காயத்தையும் 15 நிமிடம் வைத்து, பிறகு பழத்தைச் சேர்த்து இன்னும் 15 நிமிடம். சிவப்பு கொஞ்சம் குறையும், வேலையும் குறையும். சைவ சாசேஜில் உருகக் கொழுப்பு குறைவு, தண்ணீரில் வேகவைத்தால் பிரிந்தும் போகலாம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் உறையில் சொன்ன நேரத்துக்கு வறுத்து எடுத்து, மூன்றாம் கட்டத்திலிருந்து தொடருங்கள்.

சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது சாசேஜை வட்டமாக வெட்டாதீர்கள். வட்டத் துண்டும் முழுத் திராட்சையும் தொண்டையை அப்படியே அடைக்கும் வடிவம். இரண்டையும் நீளவாக்கில் நாலாகப் பிளந்து கொடுங்கள்.

மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மூடியுள்ள பாத்திரத்தில் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். 3, 4 நாள் தாங்கும். மறுநாள் சூடு செய்யும்போது சாசேஜை வட்டமாக வெட்டி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி வைத்து, 74 டிகிரி வரும் வரை சூடாக்குங்கள். பழத்தைக் கடைசி ஒரு நிமிடத்துக்குச் சேர்த்தால் போதும். முதல்நாள் இருந்த திடம் அதற்கு இனி வராது. ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட அந்தக் குழைவு தோதாகவே இருக்கும்.